பாலைவனத்துக்கு மணல் ஏற்றிப் போகும் ரயில்

நமீபியாவின் பாலைவனத்துக்குள் நுழையும் ரயில் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு பெட்டி நிறைய மணல் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே அடிவானம் வரை மணல். உள்ளேயும் காசு கொடுத்து வாங்கி, உலர்த்தி, சலித்து நிரப்பிய மணல். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதுபோலத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டி காலியானால் மேட்டில் ஏறும் ரயில் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. அந்த இத்தனூண்டு இடத்தில்தான் ஒரு சக்கரத்துக்கு எட்டு டன் வரை எடை உட்கார்ந்திருக்கிறது. உராய்வு இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் ஒரே எஞ்சின் பத்துப் பதினைந்து பெட்டிகளை அலட்டிக்கொள்ளாமல் இழுக்கிறது. அதே உராய்வுக் குறைவு ஏற்றத்தில் எதிரியாகிவிடும். தண்டவாளத்தில் பனி ஈரமோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் சக்கரம் பிடி கிடைக்காமல் வழுக்கும். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். அழுத்தப்பட்ட காற்று, சக்கரத்துக்கு முன்னால் வளைந்து நிற்கும் குழாய் வழியாக ஒரு பிடி மணலைத் தண்டவாளத்தின்மேல் ஊதும். மணி மணியாக நசுங்கும் அந்த மணல்தான் பிடிமானம்.

அப்படியானால் வெளியே கிடப்பதையே அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாதா? கூடாது. கடலோர மணலில் உப்பும் ஈரமும் உண்டு. அது கட்டி தட்டிக் குழாயை அடைத்துவிடும். மணியளவும் ஒரே சீராக இருக்காது. எஞ்சினுக்குள் இருக்கும் மணல் வேலைக்காரன், வெளியே இருக்கும் மணல் கொள்ளைக்காரன். ஆப்பிரிக்கப் பாலையில் ரயில் ஓட்டுகிறவர்களின் கவலை பெரும்பாலும் இரண்டே பொருள்களைப் பற்றியது: மணலும் தண்ணீரும். பயணிகள் கண்ணாடிக் கோப்பையோடு வேடிக்கை பார்க்கும் சொகுசு ரயிலுக்கும் இதே கதைதான்.

நமீபியத் தடத்தில் போகும் சொகுசு ரயில்களில் பேர்பெற்றது ரோவோஸ் ரயில். ரோஹன் வோஸ் என்ற தென்னாப்பிரிக்கத் தொழிலதிபர், குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்று பழைய பெட்டிகளை வாங்கிப் புதுப்பித்தார். அவற்றை ஓட்ட ஆகும் செலவைப் பார்த்த பிறகு, டிக்கெட் விற்றால்தான் கட்டுப்படியாகும் என்று புரிந்தது. 1989-இல் அப்படித் தொடங்கிய பயணம் இன்று பல நாடுகளுக்கு நீண்டிருக்கிறது. நமீபியப் பயணம் பிரிட்டோரியாவில் கிளம்புகிறது. கிம்பர்லி, அப்பிங்டன், கீட்மான்ஸ்ஹூப், விண்ட்ஹுக் என்று 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக் கரையில் உள்ள வால்விஸ் பேயில் முடிகிறது. ரயிலில் அதிகபட்சம் 72 பேர். மரப் பலகை பதித்த அறைகளில் பெரியது 16 சதுர மீட்டர். அதில் பழைய பாணிக் குளியல் தொட்டி ஒன்றும் உண்டு. டிவி, ரேடியோ கிடையாது. கடைசிப் பெட்டியின் பின்புறம் திறந்த தாழ்வாரம். வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

குளியல் தொட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதற்கு அடியில் இருக்கும் சக்கரத்தைப் பார்த்துவிடுவோம்.

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1,067 மில்லிமீட்டர். கேப் கேஜ் என்பார்கள். நம் ஊரில் கிட்டத்தட்ட மறைந்துபோன மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் கூடுதல். நம் அகலப் பாதையோ 1,676. கடற்கரையிலிருந்து மலை ஏறி உள்நாட்டுக்குப் போக வேண்டியிருந்த கேப் காலனி அரசு, செலவைக் கணக்குப் பார்த்து 1873-இல் இந்தக் குறுகிய அளவைத் தேர்ந்தெடுத்தது. தடம் குறுகினால் வளைவுகளை இறுக்கமாகப் போடலாம், மலையை அதிகம் குடைய வேண்டாம். ஆனால் பெட்டிகளின் அகலமோ தடத்தைப்போல் இரண்டரை மடங்கு. இவ்வளவு அகலமான பெட்டி இவ்வளவு ஒடுக்கமான பாதையில், கோப்பையில் உள்ளது தளும்பாமல் எப்படிப் போகிறது?

விடை சக்கரத்தின் வடிவத்தில் இருக்கிறது. ரயில் சக்கரம் உருளை மாதிரி தட்டையாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் அது ஒரு கூம்பின் துண்டு. உட்புறம் சற்றுப் பெருத்து, வெளிப்புறம் போகப் போகச் சிறுக்கும். சரிவு இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் என்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. காரில் இரண்டு பக்கச் சக்கரங்களும் தனித்தனி வேகத்தில் சுழல முடியும். ரயிலில் முடியாது, இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. வளைவிலோ வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளம். கேப் கேஜில் ரயில் ஒரு செங்கோணம் அளவுக்குத் திரும்பி முடிப்பதற்குள் வெளிச் சக்கரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு சின்னதா பெரிதா என்பது பொருட்டே இல்லை, வித்தியாசம் அதேதான். கூம்பு வடிவம் இங்கே கைகொடுக்கிறது. வளைவில் அச்சு தானாகவே சில மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகரும். உடனே வெளிச் சக்கரத்தின் பெருத்த பகுதியும் உள் சக்கரத்தின் சிறுத்த பகுதியும் தண்டவாளத்தில் பதியும். ஒரே சுற்றில் ஒன்று அதிக தூரம் ஓடும், மற்றது குறைவாக ஓடும். யாரும் ஸ்டியரிங்கைப் பிடிக்காமலே ரயில் திரும்பிவிடுகிறது. சக்கரத்தின் உள் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் வரம்புதான் ரயிலைத் தடத்தில் வைத்திருக்கிறது என்ற எண்ணம் பாதிதான் சரி. இறுக்கமான வளைவுகளில் மட்டும் அது தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடும்.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. வேகம் கூடினால் கூம்புச் சக்கரம் இடமும் வலமுமாக அலைபாய ஆரம்பிக்கும். ஒடுக்கமான பாதையில் அது ஆபத்து. ஹெர்பர்ட் ஷெஃபெல் என்ற தென்னாப்பிரிக்கப் பொறியாளர் 1970-களில் இதற்கு வழி கண்டார். பெட்டிக்கு அடியில் இரண்டு அச்சுகளைத் தாங்கும் சட்டத்தில், முன் அச்சின் இடது முனையைப் பின் அச்சின் வலது முனையோடும், வலதை இடதோடும் குறுக்காகக் கம்பிகளால் இணைத்தார். ஓர் அச்சு திரும்பினால் மற்றதும் ஒத்துத் திரும்பும். நேர்ப்பாதையில் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவைக்கும். 1978-இல் இந்தச் சட்டத்தைப் பொருத்திய பெட்டி இதே 1,067 மில்லிமீட்டர் தடத்தில் மணிக்கு 245 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அதே அகலத் தடத்தில் 1989-இல், வறண்ட வடகேப் நிலத்தின் குறுக்கே, 660 வேகன்களைக் கோத்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமான இரும்புத்தாது ரயிலை ஓட்டிப் பார்த்தார்கள். சொகுசு ரயில் அறுபதில் போவது அதை நடத்துபவர்கள் எடுத்த முடிவு. சரியான முடிவென்றே எனக்குப் படுகிறது. அவசரம் உள்ளவர்களுக்கு விமானம் இருக்கிறதே.

இப்போது அந்தக் குளியல் தொட்டித் தண்ணீருக்கு வருவோம். இன்று ரயில் தன் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறது, வழியில் நிரப்பிக்கொள்கிறது. நீராவி எஞ்சின் காலத்தில் குளிப்பது இருக்கட்டும், ரயில் நகர்வதற்கே தண்ணீர் வேண்டும். நீராவி எஞ்சின் கரியைவிடத் தண்ணீரைத்தான் பெருவாரியாகக் குடிக்கும். கொதித்து, பிஸ்டனைத் தள்ளிய ஆவியைப் புகைபோக்கி வழியாக வானத்துக்கு விட்டுவிடும். அந்த 'குப் குப்' சத்தம் ஒவ்வொன்றும் போனால் திரும்பாத தண்ணீர். தென்னாப்பிரிக்காவின் கரூ என்ற அரைப்பாலையில் இது கட்டுப்படியாகவில்லை. தண்ணீர் கிடைக்காத நிலையங்களுக்குத் தண்ணீரையே ரயிலில் அனுப்ப வேண்டியிருந்தது.

1953-இல் அங்கே ஒரு விசித்திர எஞ்சின் வந்து இறங்கியது. பெயர் கிளாஸ் 25. மொத்தம் 90 எஞ்சின்கள். பயன்படுத்திய ஆவியை வெளியே விடாமல், குளிர்வித்து மீண்டும் தண்ணீராக்கிக் கொதிகலனுக்கே திருப்பி அனுப்பும் எஞ்சின் அது. இப்படி ஆவியைத் தண்ணீராக்குவதற்கு ஒடுக்குதல் என்று பெயர். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டி இருக்குமல்லவா, அதன் இரண்டு பக்கச் சுவர்களும் ரேடியேட்டர்களாக மாறின. கூரையில் பெரிய விசிறிகள். பிஸ்டனைத் தள்ளிய ஆவி குழாய் வழியாகப் பின்னால் போய், போகிற போக்கில் அந்த விசிறிகளைச் சுழற்றும் டர்பைனையும் ஓட்டிவிட்டு, ரேடியேட்டரில் குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர்ச் செலவு 90 சதவீதம் வரை குறைந்தது.

ஒரு சிக்கலைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கும். சாதாரண எஞ்சினில் புகைபோக்கி வழியாகப் பீறிடும் ஆவிதான் நெருப்புக்குத் தேவையான காற்றை உள்ளே இழுக்கிறது. ஆவியே வெளியே வராவிட்டால் நெருப்பு மந்தமாகிவிடும். அதற்காக முன்பக்கப் புகைப்பெட்டிக்குள் இன்னொரு விசிறியை வைத்தார்கள். அதையும் அதே ஆவிதான் சுழற்றியது. இப்படியாக 'குப் குப்' என்ற ஓசையே இல்லாமல், ஜெட் விமானம்போல ஊளையிட்டுக்கொண்டு ஒரு நீராவி எஞ்சின் கரூவைக் கடந்தது. நெருப்பிலிருந்து பறக்கும் கரித்துகள் அந்த விசிறியின் இறக்கைகளை அரித்துக்கொண்டே இருந்ததால் பராமரிப்பு பெரும்பாடு. டீசலும் மின்சாரமும் வந்த பிறகு ஒன்றைத் தவிர மற்றவற்றைச் சாதாரண எஞ்சின்களாக மாற்றினார்கள். ரேடியேட்டர்களைக் கழற்றிவிட்டு நீளமான தொட்டியைப் பொருத்திய டெண்டருக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'வோர்ஸ்ஹோண்ட்', அதாவது நீண்ட உடலும் குட்டைக் காலும் கொண்ட டாக்ஸ்ஹண்ட் நாய்.

நமீபியாவில் தண்ணீர் நிலைமை இன்னும் மோசம். தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று அப்போது அழைக்கப்பட்ட அந்த நாட்டுக்கு 1959-லிருந்தே டீசல் எஞ்சின்களை அனுப்பி நீராவியை ஒழித்ததற்குத் தண்ணீர்ப் பஞ்சமே முக்கியக் காரணம். எஞ்சின்களின் தாகம் விட்டுச்சென்ற ஒரு தடயம் நமீப் பாலையின் விளிம்பில் இன்றும் உயிரோடு திரிகிறது. அவுஸ் என்ற ஊருக்கு மேற்கே கருப் என்ற இடத்தில் நீராவி எஞ்சின்களுக்காக ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் தப்பியோடிய குதிரைகளின் வழிவந்தவை என்று கருதப்படும் காட்டுக் குதிரைக் கூட்டம் ஒன்று அந்தக் கிணற்றடியில் தண்ணீர் குடித்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துவிட்டது. ரயிலுக்குத் தண்ணீர் தேவையில்லாமல் போன பிறகும் குதிரைகளுக்காக அங்கே தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

தண்ணீர் இல்லாத காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. பகல் வெப்பத்தை இரவில் பிடித்துவைக்கும் போர்வை காற்றிலுள்ள நீராவிதான். அது இல்லாத பாலையில் சூரியன் சாய்ந்ததும் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும். மதியம் வெயிலில் 60 டிகிரிக்குக் காயும் தண்டவாளம், குளிர்காலப் பின்னிரவில் உறைநிலையை நெருங்கும். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் நீளும். 60 டிகிரி வித்தியாசத்தில் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 72 சென்டிமீட்டர் நீண்டு சுருங்கப் பார்க்கும். பழைய பாதைகளில் 12 மீட்டர் போன்ற துண்டுகளாகப் போட்டு, ஃபிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டையால் இணைத்து, நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டார்கள். 'தடக் தடக்' என்று நம் தூக்கத்தில் கேட்கும் தாளம் அந்த இடைவெளிதான். 12 மீட்டர்த் துண்டு என்றால் 43 விநாடிகளில் எத்தனை 'தடக்' கேட்கிறதோ அதுவே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். ஸ்பீடாமீட்டர் தேவையில்லை, கைக்கடிகாரம் போதும்.

நெடுநீளத்துக்குப் பற்றவைத்த நவீனப் பாதையில் இடைவெளியே கிடையாது. அங்கே தண்டவாளம் நீளத் துடிக்கும், ஆனால் நீள விடமாட்டார்கள். முப்பது டிகிரி சூடு கூடினால் ஒவ்வொரு தண்டவாளத்துக்குள்ளும் 45 டன் அளவுக்கு நெருக்கு விசை ஏறும். அது பாம்புபோல் வளைந்து வெளியேறிவிடாமல் ஸ்லீப்பர் கட்டைகளும் ஜல்லியும் பிடித்துவைக்கின்றன. தடத்துக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் ஜல்லிக்கு எவ்வளவு வேலை பாருங்கள். பிடித்துவைக்க வேண்டும், அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டும், மழை பெய்தால் வடிய விட வேண்டும். கற்களுக்கு நடுவே உள்ள காலி இடம்தான் அதிர்வை வாங்குகிறது. அந்த இடத்தில் மணல் புகுந்து இறுகிவிட்டால் ஜல்லி சிமெண்ட் தரைபோலக் கெட்டிப்படும்; ஒவ்வொரு சக்கரத்தின் அடியும் நேராகக் கட்டைக்கும் தண்டவாளத்துக்கும் போகும். மணலைக் கொள்ளைக்காரன் என்றது இதனால்தான்.

மணல் எப்படி நடக்கிறது? காற்று அதைத் தூசியைப்போல் உயரத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு மணல்மணி துள்ளும், சற்றுத் தள்ளி விழும், விழுந்த வேகத்தில் வேறு சில மணிகளைத் துள்ளவைக்கும். துள்ளல் நகர்வு எனலாம். பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட், எகிப்து, லிபியப் பாலைகளில் கார் ஓட்டித் திரிந்தவர், இதை ஆராய்ந்து 1941-இல் வெளியிட்ட நூல்தான் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. நகரும் மணலில் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழேயே போகிறது. வழியில் தண்டவாளம் போன்ற சின்னத் தடை குறுக்கிட்டால் போதும். காற்று அங்கே தளரும், சுமந்து வந்ததைக் கீழே போட்டுவிடும். அதனால் பாதையை மேடாக்கிக் காற்றை வேகமாக வழுக்கி ஓடவிடுகிறார்கள், காற்று வரும் திசையில் வேலி போட்டு மணலை முன்பே மடக்குகிறார்கள். எதுவும் பலிக்காத இடத்தில் மண்வெட்டியோடு ஆள்.

நமீபியாவின் லூடெரிட்ஸ் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள மணல்மேடுகள் பிறைவடிவம் கொண்டவை. பிறையின் இரு கொம்புகளும் காற்று போகும் திசையைக் காட்டும். ஆண்டுக்குப் பத்துக்கணக்கான மீட்டர் நகரும் இந்தப் பிறைகளில் சின்னது வேகமாகப் போகும், பெரியது மெதுவாக. குன்று தன் முழு உடம்பையும் மணி மணியாக முதுகிலிருந்து முகத்துக்குப் புரட்டிப் போட்டால்தான் ஓரடி முன்னேற முடியும். உடம்பு சிறுத்தால் வேலையும் குறைவு. சேஹைம் என்ற சந்திப்பில் பிரிந்து லூடெரிட்ஸ் போகும் கிளைப்பாதை இந்தப் பிறைகளின் ஊர்வலத்துக்கு நடுவே போடப்பட்டது. உலகின் மிக விலையுயர்ந்த பெருக்கும் வேலை அங்கேதான் நடந்தது.

1908 ஏப்ரலில் கிராஸ்ப்ளாட்ஸ் நிலையத்துக்கு அருகே சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி தண்டவாளத்தில் ஏறிய மணலை அள்ளிக்கொண்டிருந்தார். மண்வெட்டியில் ஒரு பளபளப்பான கல். லெவாலா அதற்கு முன் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; அதனால் அது கண்ணாடித் துண்டு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. பாதையை மணலில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பிலிருந்த ஜெர்மன் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டாவ்க்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்டாவ்க் சுரங்க உரிமம் வாங்கிக் கோடீஸ்வரரானார். லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வைரம் அங்கே எப்படி வந்தது? கிம்பர்லியில் பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக் குழாய்கள் வழியாக மேலே வந்த பாறைதான், ஆழத்தில் பிறந்த வைரத்தைச் சுமந்து வந்தது. அங்கே மனிதர்கள் 1871 முதல் 1914 வரை 2.25 கோடி டன் மண்ணையும் பாறையையும் அள்ளி வெளியே போட்டு, சுமார் 2,700 கிலோ வைரம் எடுத்த பள்ளத்தை இன்றும் ரயில் பயணிகள் இறங்கிப் பார்க்கிறார்கள். அதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே மழையும் ஆறும் அந்த நிலப்பரப்பின் குழாய்களை அரித்து வைரத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டன. லெசோத்தோ மலையில் பிறந்து மேற்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆரஞ்சு ஆறு அதைக் கடலில் சேர்த்தது. தெற்கிலிருந்து வீசும் காற்றும் அலையும் அதைக் கரையோரமாக வடக்கே தள்ளின. வழியில் விரிசலும் குறையும் உள்ள கற்கள் நொறுங்கிவிட்டன. தப்பிப் பிழைத்தவை மட்டுமே வந்து சேர்ந்தன. அதனால்தான் நமீபியக் கடலோர வைரங்களில் 90 சதவீதத்துக்கு மேல் நகைக்குத் தகுந்தவை. இதைவிட வியப்பு, நமீபின் மணலில் பெரும்பகுதியும் அதே ஆறு, அதே வழியாகக் கொண்டுவந்ததுதான். கிம்பர்லியிலிருந்து ஆரஞ்சு ஆற்றங்கரை ஊரான அப்பிங்டன் வழியாக மேற்கே போகும் ரயில், மணலும் வைரமும் ஏற்கெனவே போன திசையில்தான் போகிறது.

அந்த வைரத்தால் முளைத்த கோல்மன்ஸ்கொப் என்ற ஊரில் பனிக்கட்டித் தொழிற்சாலையும் எக்ஸ்ரே கருவி உள்ள மருத்துவமனையும் இருந்தன. எக்ஸ்ரே எலும்பு முறிவுக்கு மட்டுமல்ல, வைரத்தை விழுங்கியவர்களைப் பிடிக்கவும் உதவியது. 1956-க்குள் ஊர் காலியாகிவிட்டது. இப்போது அறைகளுக்குள் கதவின் பாதி உயரத்துக்கு மணல்.

இந்தத் தெற்குப் பாதையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. 1904 முதல் 1908 வரை ஜெர்மன் காலனிப் படை ஹெரேரோ, நாமா மக்கள்மீது நடத்திய இனப்படுகொலையில் பிடிபட்டவர்களை முகாம்களில் அடைத்து, லூடெரிட்ஸிலிருந்து கீட்மான்ஸ்ஹூப் வரையிலான பாதையைப் போடவைத்தார்கள். 1906 ஜனவரி முதல் 1907 ஜூன் வரை அதில் வேலை வாங்கப்பட்ட 2,014 கைதிகளில் 1,359 பேர் இறந்தார்கள் என்று காலனி அரசின் பதிவேடே சொல்கிறது. அதை இனப்படுகொலை என்று ஜெர்மனி ஒப்புக்கொள்ள 2021 ஆயிற்று. பொறியியல் திறமையை மட்டும் பேசிவிட்டு இந்தத் தடத்தைக் கடக்க முடியாது.

விண்ட்ஹுக்கிலிருந்து கடலுக்கு இறங்கும் பாதை பிறந்ததற்கு ஒரு மாட்டு நோய் காரணம். 1897-இல் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் தெற்கு ஆப்பிரிக்காவின் மாடுகளை வாரிக்கொண்டு போனது. கரையிலிருந்து சரக்கு இழுத்துவந்த எருதுகள் செத்து விழ, காலனி அரசு அந்த ஆண்டே அவசரமாக 600 மில்லிமீட்டர் அகலமுள்ள பொம்மை ரயில் பாதையைப் போடத் தொடங்கியது. சின்னஞ்சிறு எஞ்சின்களை முதுகோடு முதுகு இணைத்து இரட்டையராக ஓட்டி, 382 கிலோமீட்டர் தாண்டி 1902-இல் விண்ட்ஹுக்கை அடைந்தார்கள். கேப் கேஜ் பிறகு வந்தது.

விண்ட்ஹுக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரம். அங்கிருந்து 800 டன் எடையுள்ள ரயில் கடற்கரைக்கு இறங்கினால், உயரத்தில் சேமித்து வைத்திருந்த ஆற்றல் 3,600 யூனிட் அளவுக்கு வெளியே வரும். நம் மின்கட்டணக் கணக்கில் வரும் அதே யூனிட்தான். எல்லாவற்றையும் பிரேக் கட்டையால் தேய்த்துத் தடுத்தால் கட்டை கருகிவிடும். டீசல்-மின் எஞ்சினில் ஒரு தந்திரம் இருக்கிறது. அதில் டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுவதில்லை. மின்சாரம் உண்டாக்குகிறது, அந்த மின்சாரத்தில் மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. இறக்கத்தில் இதைத் தலைகீழாக்கலாம். சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டராகி ரயிலைப் பிடித்து இழுக்கும். உண்டாகும் மின்சாரத்தைக் கூரையில் உள்ள மின்தடைக் கம்பிகளில் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுவார்கள்.

கடல் நெருங்க நெருங்கச் சூடு குறையும், குளிர ஆரம்பிக்கும். பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் இந்தக் கரையோரமாக வடக்கே ஓடுகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. ஆனால் மேலே வெப்பக் காற்று மூடிபோல் கிடப்பதால் உயரே எழும்பி மழையாக முடிவதில்லை. கரையோர ஊரான ஸ்வாகோப்மண்டில் ஆண்டு மழை 20 மில்லிமீட்டர்கூடத் தேறாது. மூடுபனியோ ஆண்டில் 100 நாளுக்கு மேல். உப்புக் கலந்த அந்தப் பனி தண்டவாளத்தைத் துருப்பிடிக்க வைக்கிறது, சக்கரத்தை வழுக்க வைக்கிறது. ரயில்வேக்குத் தலைவலியான இதே பனியில்தான் பாலையின் உயிர்கள் பிழைக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் வெல்விட்ச்சியா, வாழ்நாள் முழுக்க இரண்டே இலைகளை வளர்த்துக்கொண்டு இந்தப் பனி மண்டலத்தில்தான் படுத்துக் கிடக்கிறது.

பனியைக் குடிப்பதில் கெட்டிக்காரர் ஒரு கருவண்டு. விடியும் முன், மற்ற வண்டுகள் மணலுக்குள் கதகதப்பாகக் கிடக்கும்போது, இது மட்டும் குளிரில் விறைத்துக்கொண்டே மணல்மேட்டின் உச்சிக்கு ஏறும். காற்று வரும் திசையைப் பார்த்துப் பின்னங்கால்களை நிமிர்த்தி, தலையைக் கீழே தாழ்த்திச் சிரசாசனம் போடும். முதுகில் பனித்துளி சேரும், பெருக்கும், வழிந்து நேராக வாய்க்குள் போகும். வில்லியம் ஹாமில்டனும் மேரி சீலியும் 1976-இல் இதை வெளியிட்டபோது அறிவியல் உலகம் வாயைப் பிளந்தது. ஒரே காலையில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை அது குடித்துவிடும். கிளாஸ் 25 எஞ்சினுக்குப் பெரும்பெரும் விசிறிகள் தேவைப்பட்ட தண்ணீர் சேகரிக்கும் வேலையை, இந்த வண்டு அசையாமல் நின்றே முடித்துக்கொள்கிறது.

இந்தப் பயணத்துக்கு வாய்ப்பு அமைகிறவர்கள் மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்மாதங்களைப் பாருங்கள், வெயில் கொல்லாது. கெட்டியான கம்பளி ஒன்று கட்டாயம். கடலோரப் பகுதியை ரயில் நெருங்கும் அன்று மட்டும் திரைச்சீலையை மூடிக்கொண்டு தூங்கிவிடாமல், விடிவதற்கு முன்பே கடைசிப் பெட்டித் தாழ்வாரத்துக்கு வந்துவிடுங்கள். முற்பகலுக்குள் பனி கலைந்துவிடும்.